மாடியிலிருந்து வரும் கம்பி

முதல் அநியாயம், உப்பள முதலாளி கூலிப் பதிவில் ஆணின் பேரை மட்டும் எழுதியது. பால்துரை ஜோடி என்று எழுதினால் போதும், அதற்குள் பால்துரையும் அடக்கம், அவன் பெண்டாட்டியும் அடக்கம், அவள் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டிய அத்தனை ஓலைப்பெட்டி உப்பும் அடக்கம். இரண்டாவது, அதைத் தட்டிக் கேட்க இருந்த ஒரே சங்கத்தை மாசிலாமணி இரண்டாக உடைத்தது, உடைத்ததோடு நில்லாமல் மைக்கையும் மேசையையும் தூக்கிக்கொண்டு அதே கட்டடத்தின் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது, பால்துரை செத்து காரியம் முடிந்து வேலைக்குப் போன அவன் பெண்டாட்டியை, இப்படி ஒருத்தி இங்கே வேலை பார்த்ததே கிடையாதே என்று கங்காணி உப்பளத்து வாசலிலேயே திருப்பி அனுப்பியது. நான்காவது, வெளியூர் நீதிமன்ற வராந்தாவில் டவாலி மூன்று முறை கூப்பிட்டபோது பஸ் நடுவழியில் பழுதாகி நின்ற குற்றத்துக்காக, மனுதாரர் வரவில்லை என்று, வேலை கேட்டு அவள் போட்ட வழக்கைத் தள்ளியது. ஐந்தாவது, தள்ளிய வழக்கை உயிர்ப்பித்து, செல்போனிலேயே ஆஜராகலாம் என்று உத்தரவும் வாங்கிய பிறகு, சிக்னல் போய் அவள் முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் உறைந்து நிற்க, மறுபடியும் வரவில்லை என்று எழுதியது. ஆறாவது இன்று பதினொரு மணிக்கு நடக்கக் காத்திருந்தது. இன்றும் வரவில்லை என்றால் வழக்கு முடிந்தது, அப்புறம் திறக்கக் கதவு இல்லை. கீழே மீந்த சங்கத்தின் தலைவர் ஞானதிரவியம் அநியாயங்களை எப்போதும் நடந்த வரிசையில்தான் நினைப்பார். எழுபதைத் தாண்டிய தலைக்குள் மற்றதெல்லாம் இடம் மாறிக் கிடந்தாலும், காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோனாலும், இந்த வரிசை மட்டும் கலையாது. பள்ளிக்கூடம் போகாதவர். ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வா என்று கையில் திணித்த நோட்டீஸ்களை எழுத்துக் கூட்டிப் படித்தே எழுத்தைப் பிடித்தவர். நோட்டீஸ் என்றால் மேலே அநியாயம், நடுவே கோரிக்கை, அடியில் அச்சகத்தின் பேர். அதனால் எதைக் கண்டாலும் அவர் மனம் மேலே என்ன, நடுவே என்ன என்று பிரித்துக்கொண்டுவிடும். இன்றைக்கு நடுவே இருந்தவை ஐந்து.

அந்த ஐந்தையும் சொன்னவன் சகாயராஜ், சங்கத்துக்குப் பழைய கம்ப்யூட்டரை விற்றவன். நேற்று சாயங்காலம் மாடிச் சுவரைத் துளைத்து இன்டர்நெட் கம்பியைக் கீழே இறக்கிவிட்டு, மீதியைக் காலையில் முடிக்கிறேன் என்று போனவன், காலையில் நாசரேத்தில் கல்யாண வீட்டிலிருந்து போன் பண்ணினான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. சொந்த மச்சினன் கல்யாணம், வராம இருக்க முடியாது. நீங்களே செஞ்சிரலாம். ஆனா முதல்ல விவரத்தையெல்லாம் சேத்து வச்சுக்கிடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கம்ப்யூட்டர் பெட்டி வெளிய யார்ட்டயும் பேசாது. சேத்துட்டு எனக்கு அடிங்க, எதை எங்க போடணும்னு சொல்லுதேன்." பழைய வேலைநிறுத்த நோட்டீஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் வெற்றுப் பக்கத்தில் ஞானதிரவியம் எழுதிக்கொண்டார். பெட்டியின் பேர். பெட்டியின் முகவரி, அது ஊர் தெருவாக இருக்காது, எண்ணாக இருக்கும். மறைப்பு எண் ஒன்று. வாசல் எண் ஒன்று, வெளியே போகிற பேச்செல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போகும். கடைசியில் பேர் சொல்லி என்று அவராகவே பேர் வைத்துக்கொண்ட ஒன்று. பேரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஆள் அது, உலகத்தில் எந்தப் பேரைக் கேட்டாலும் அது இருக்கிற இடத்தைக் காட்டும் என்றான் சகாயராஜ். எழுதிக்கொண்டிருந்த பேனா அந்த இடத்தில் நின்றது. இப்படியும் ஒரு கணக்குப்பிள்ளை எங்கேயோ இருக்கிறான், பேரைக் கேட்டதும் அப்படி ஒருத்தி இல்லையே என்று கையை விரிக்காதவன். அவனுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், அவனை அந்த முதலாளியால் விலைக்கு வாங்க முடியாதா என்று யோசிக்கப் போய், தன் வயசுக்கு இந்தச் சந்தேகம் எல்லாம் அதிகம் என்று தன்னையே அதட்டிக்கொண்டார். அந்த எண் சுலபமாக இருந்தது, எட்டு எட்டாக நான்கு முறை. மறைப்பு எண்ணையும் சகாயராஜே சொல்லிவிட்டான், இருநூற்றைம்பத்தைந்து மூன்று தடவை, பிறகு ஒரு பூஜ்யம். பேர் வைப்பது தன் உரிமை என்பதால் அளம் என்று வைத்தார், ஆங்கிலத்தில் நாலே எழுத்து, ஒவ்வொன்றாகத் தேடி அடித்துவிடலாம். முகவரியும் வாசலும்தான் பாக்கி. அவை இரண்டும் மாடியில் இருந்தன. வெளியிலிருந்து வரும் கம்பி மாடிக்குத்தான் வருகிறது, பிரித்துக் கொடுக்கும் பெட்டி மாசிலாமணியின் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எண்ணைத் தானாகவே பங்கு போடுகிற வசதி அதில் உண்டாம். பக்கத்து லாட்ஜில் தங்குகிறவர்கள் எல்லாம் திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறார்கள் என்று மாசிலாமணி அதை அடைத்துவைத்திருந்தார். "அவர்ட்ட போய்க் கேட்டு வாங்கணும் அண்ணாச்சி" என்றான் சகாயராஜ், நாதஸ்வரத்துக்கு மேலாகக் கத்தி. கேட்டு வாங்கணும். வாழ்நாளெல்லாம் கோரிக்கை எழுதியவர் அவர். முதலாளியிடம் கேட்டிருக்கிறார், கலெக்டரிடம் கேட்டிருக்கிறார், லத்தியை ஓங்கிய இன்ஸ்பெக்டரிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டிருக்கிறார். மாசிலாமணியிடம் எதையும் கேட்டதில்லை.

படி ஏறும்போது வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் கொடுத்தது. இந்தப் படிகளை அவர் ஏறி எத்தனையோ வருஷம். கடைசியாக ஏறியபோது மாடி காலி இடம், தட்டி போட்டு மறைத்திருந்தது, மழை நாளில் கொடிக்கம்புகளை அங்கேதான் சாத்தி வைப்பார்கள். சங்கம் உடைந்த பொதுக்குழு கீழே நடந்தது. எதற்காக உடைந்தது என்று இப்போது யாராவது கேட்டால், முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் மாசிலாமணி அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டதற்காக என்றுதான் சொல்வார், அதுதான் நோட்டீஸில் அச்சானது. அன்றைக்கு மழை பெய்து பாத்தியெல்லாம் கரைந்துபோய் அளத்தில் ஒருவருக்கும் வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை, எரியாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மாசிலாமணிக்குக் கை தூக்கினார்கள், இது நோட்டீஸில் இல்லை. ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். கைப்பிடிச் சுவரில் உப்புக் காற்று அரித்த இடத்தில் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு கிறுக்குத்தனம் வந்து போயிற்று. திரும்பிவிடலாம். செல்போனையே இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம், மொட்டை மாடியில் நின்றால் சிக்னல் இருக்கும், ஆனால் மொட்டை மாடிக்கும் இந்த மாடி வழியாகத்தான் போக வேண்டும், எதற்கும் இவன் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. கதவு திறந்தே இருந்தது. மாசிலாமணி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. தெருவில் தினமும் பார்க்கிற தலைதான், பார்க்காமல் பார்த்திருக்கிறார் போல. "என்னவே, படியெல்லாம் ஏறி வந்திருக்கீரு, கீழ வெள்ளம் வந்துட்டா?" "வெள்ளம் வந்தா நீச்சலடிப்பேன், உம்ம வீட்டுப் படி ஏற மாட்டேன். எண் வேணும்." "என்ன எண்ணு?" "பெட்டிக்கு முகவரி. பெறவு வாசல் எண்." மாசிலாமணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். "சகாயம் சொன்னான். எழுதிக்கிடும். நூத்தித் தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்ணு, கடைசிலயும் ஒண்ணு. அது வாசல். எங்க பெட்டி கடைசில ரெண்டு. உமக்கு மூணு." "எனக்கு ஏன் மூணு?" "எனக்கு ரெண்டு, அதனால உமக்கு மூணு. இதுல என்ன இருக்கு?" "சங்கத்தை முதல்ல பதிவு பண்ணுனது நாங்க." "கம்பிய முதல்ல இழுத்தது நாங்க. மூணுதான்வே, போடும், நல்லா ஓடும். இருந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போறீரா?" வேண்டாம் என்று சொன்னாரா, சொல்லாமலே திரும்பினாரா, படி இறங்கும்போது நினைத்துப் பார்த்தார், தெரியவில்லை.

கீழே வழக்குப் போட்ட லிங்கக்கனி வந்திருந்தாள். சாட்சி சொல்ல அவளோடு அளத்தில் சுமந்த மூன்று பெண்கள், வந்த களைப்பில் பெஞ்சில் வரிசையாக, வெயிலில் வெளுத்த முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டபடியே. உள்ளே வந்தும் கண்ணைச் சுருக்கியே வைத்திருந்தார்கள். வெள்ளை உப்பின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அந்தச் சுருக்கம் அப்படியே நின்றுவிட்டது. "தலைவரே, போன தடவ மாதிரி நான் பேசுறப்ப படம் நின்னு போயிராதே? எம் மூஞ்சி நாய் கொட்டாவி விட்ட மாதிரி நின்னுச்சுன்னு எம் பேத்தி இன்னமும் சொல்லிச் சிரிக்கா." லிங்கக்கனி இதைச் சொன்னதும் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. "நிக்காது" என்றார். "இன்னைக்கு நிக்காது." சொன்ன பிறகுதான் அது வாக்குறுதி என்று உறைத்தது. மேடையில் எத்தனையோ வாக்குறுதி கொடுத்திருக்கிறார், ஆனால் மேடைக்கு எதிரே இருப்பது கூட்டம், இது ஒருத்தியின் சுருங்கிய கண். "ஒண்ணு கேக்கணும். அவுக எம் பேரச் சொல்லிக் கூப்பிடுவாகளா, இல்ல இன்னார் பொண்டாட்டின்னா?" "எப்படிக் கூப்பிட்டா என்ன, நீ பதில் சொல்லு." "அதெப்படி? பால்துரை ஜோடின்னு எழுதித்தான அவன் என்னை இல்லாம ஆக்குனான். நான் சுமந்தது நான்தான சுமந்தேன்?" பேசிக்கொண்டே அவள் கையால் தலையைத் தொட்டுக்கொண்டாள், சும்மாடு இருந்த இடத்தில் முடி மெலிந்து வழுக்கை விழுந்திருந்தது. சரி சரி என்று ஞானதிரவியம் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தார். அவருக்கு நேரம் ஓடுகிற சத்தம் காதிலேயே கேட்டது. சகாயராஜை அழைத்தார், அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டமாகத் திறந்தார். அளம், அடித்தாயிற்று. வாசல், நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி ஒன்றில் முடிவது, அடித்தாயிற்று. மறைப்பு. எட்டு எட்டாக நான்கு. "முகவரியும் போட்டுட்டீங்களா அண்ணாச்சி? அப்ப ஓகேய அமுக்குங்க, தாலி கட்டப் போறாங்க, வைக்கேன்." முகவரி இன்னும் போடவில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, அதற்குப் பிறகு விரல் நின்றது. மூணு. ஊர்வலத்தில் மூணாவது, மேடையில் மூணாவது நாற்காலி, பேச்சு வார்த்தைக்கு அழைத்தால் மூணாவதாகக் கூப்பிடுவார்கள். இந்தச் சங்கம் எப்போது பிறந்தது, அவன் சங்கம் எப்போது பிறந்தது, ஒரு கம்பியை முதலில் இழுத்துவிட்டால் வரலாறு தலைகீழாகுமா. மாசிலாமணி எழுதிக்கொள்ளும் என்று சொன்ன குரல், டீ குடிக்கிறீரா என்று கேட்ட குரல். கேட்டு வாங்கிய எண்ணில் உட்கார வேண்டுமா. விரல் இறங்கியது. ரெண்டு.

திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று எழுந்தது, உள்ளே ஆச்சரியக்குறி. அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவர் அந்த வரிகளை எழுத்துக் கூட்டத் தொடங்குவதற்குள் மாடியில் நாற்காலி நகர்ந்தது, "என்னலே இது" என்று மாசிலாமணியின் குரல், பிறகு படியில் செருப்புச் சத்தம், அந்த வயதுக்கு அது ஓட்டம்தான். "வே, என்ன நம்பர் போட்டீரு?" வாசலில் நின்று மூச்சிரைக்கக் கேட்டார். "எம் பெட்டி செத்துப் போச்சு. ரெண்டு போட்டீரா? சொல்லும், ரெண்டுதான போட்டீரு? ஒரே எண்ணுல ரெண்டு பெட்டி இருந்தா எது எதுன்னு தெரியாதுவே, ஒண்ணு மத்ததை அடிச்சுரும், சில நேரம் ரெண்டுமே இல்லாமப் போயிரும். சின்னப் பிள்ளையாவே நீரு?" பெஞ்சிலிருந்த பெண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரே எண்ணில் இரண்டு. அந்தச் சொற்கள் ஞானதிரவியத்தின் காதில் விழுந்து உள்ளே போகாமல் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தன, ஒரே எண்ணில் இரண்டு பேர், ஒண்ணு மத்ததை அடிச்சுரும், சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு நிற்கும் வரிசை, பால்துரை ஜோடீ என்று கங்காணி இழுத்துக் கூப்பிடுகிறான், பால்துரை முன்னால் போகிறான், பின்னால் ஒருத்தி நிற்கிறாள், தலையில் சும்மாடு வைத்த துணியை இன்னும் எடுக்காமல், அவளை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடாதபடியால் அவள் நகரவில்லை. அந்த வரிசைக்குப் பக்கத்தில் நோட்டீஸ் கட்டோடு நின்றவர் தான். கூலி உயர்வு, குடிநீர், கண்ணாடி, செருப்பு, எல்லாம் அந்த நோட்டீஸில் இருந்தது. ஜோடி என்ற சொல்லும் அதில் இருந்தது, ஜோடி ஒன்றுக்கு இவ்வளவு என்று அவரே எழுதி அச்சுக்குக் கொடுத்தது. முதல் அநியாயம் என்று இத்தனை நாள் எண்ணி வந்த அந்த முதலுக்குள் தன் மை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க மனசு கூசியது, ஆனால் கூச்சத்துக்கு நேரம் இல்லை. ரெண்டை அழித்தார். "மூணு" என்றார், யாரிடம் என்று தெரியாமல். "மூணு போடுறேன்வே." "போடும்" என்றார் மாசிலாமணி. அவர் குரலிலிருந்து சூடு இறங்கியிருந்தது. "போட்டுட்டுச் சும்மா இரும், கொஞ்ச நேரம் எடுக்கும்." பிறகு, "எங்களுக்குக்கூட முதல்ல நாலு தடவை தப்பாத்தான் போச்சு, அதையும் கேட்டுக்கிடும்" என்றார். மஞ்சள் முக்கோணம் போகாமல் நின்றது. நீதிமன்றச் சுவர்க் கடிகாரம், பழுதாகி நின்ற பஸ், பாதி திறந்து உறைந்த வாய், எல்லாம் வரிசையாக இல்லாமல் ஒரே குவியலாக வந்தன. முதல்முறையாக அவருக்கு எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை. முக்கோணம் மறைந்தது. மறைந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது, அந்த ஒன்றும் இல்லாதது எவ்வளவு அழகாக இருந்தது. மாடியில் மாசிலாமணியின் பெட்டி கிணிங் என்று உயிர் பெற்ற சத்தம் கேட்டது. அவர் மேலே போகவில்லை. பெஞ்சின் ஓரத்தில், சாட்சிப் பெண்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "யாரு லிங்கக்கனியா? பால்துரை எங்கூடத்தான் ஜெயில்ல இருந்தான்" என்றார். "தெரியும் அண்ணாச்சி. ஜெயில்ல இருந்தப்ப அவுக பங்குக்கும் நான்தான் சுமந்தேன்" என்றாள் அவள். மாசிலாமணி மூக்கைச் சொறிந்துகொண்டார்.

திரையில் நீதிமன்ற அறை வந்தது, கொஞ்சம் சாய்ந்தாற்போல, மேலே மின்விசிறியின் நிழல் சுற்றியது. மேசைக்குப் பின்னால் வழக்கை விசாரிக்கும் அதிகாரி, கீழே குமாஸ்தா, ஓரத்தில் முதலாளியின் வக்கீல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். எத்தனை தெளிவு. வக்கீலின் சட்டைப்பையில் இருந்த மைக்கறைகூடத் தெரிந்தது. ஞானதிரவியம் லிங்கக்கனியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் பின்னால் நின்றார், அப்படி நின்று பழக்கமில்லை, முன்னால் நின்றுதான் பழக்கம். குமாஸ்தா வழக்கின் எண்ணைப் படித்தார், காகிதத்தைப் புரட்டினார், தலை நிமிராமல் கூப்பிட்டார். "பால்துரை மனைவி, வந்திருக்காங்களா?" லிங்கக்கனி அசையவில்லை. கேட்கவில்லையோ என்று அவர் அவள் முகத்தை எட்டிப் பார்த்தார். கேட்டிருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள், உதடு இறுகியிருந்தது. "பால்துரை மனைவி?" இரண்டாம் முறை. "தாயி, சொல்லு தாயி" என்று பெஞ்சிலிருந்து மாசிலாமணி பல்லுக்குள் பேசினார். அவள் திரும்பாமலே, "அது எம் பேரு இல்ல" என்றாள். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டால் எழுதிவிடுவார்கள், வரவில்லை என்று எழுதிவிடுவார்கள், எல்லாமே போயிற்று, படி ஏறியது, எண் கேட்டது, மூணு போட்டது. ஞானதிரவியத்தின் வாய் திறந்துகொண்டது. ஆஜர் ஐயா என்ற இரண்டு சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது, நாற்பது வருஷமாக எல்லாருக்காகவும் அவர்தானே சொல்லியிருக்கிறார், சொன்னால் இவளும் எழுந்துவிடுவாள், வழக்கும் பிழைத்துவிடும். சொன்னால் அவள் பால்துரை மனைவியாக ஆஜராவாள். வாயை மூடினார். அவ்வளவு பாரமான எதையும் அவர் அதற்கு முன் விழுங்கியதில்லை. கை தானாகப் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. பெஞ்சிலிருந்த மூன்று பெண்களும் எழுந்து நின்றார்கள், ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா, அவர்களும் ஒவ்வொரு ஜோடியின் பின்பாதிதானே. அவர்கள் நிற்பதைக் கண்டு மாசிலாமணியும் எழுந்தார். திரைக்குள்ளே அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், இந்தப் பக்கம் இத்தனை பேர் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாரும் வந்திருக்காங்க போலிருக்கே, ஏன் பதில் இல்லை? மனுவில என்ன பேர் போட்டிருக்குன்னு பார்த்துப் படிங்க" என்றார். குமாஸ்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காகிதத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். குமாஸ்தா, அந்த அறையில் இருந்தவர்களுக்கும் இந்த அறையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "மனுதாரர், உப்பளத் தொழிலாளி, லிங்கக்கனி."